ஒத்துழைப்பு வேறு, ஒத்துப்போதல் வேறு: மதிப்பீட்டுப் படிவத்தின் ஒரு கட்டம் குறித்து

வந்த கடிதம்

தென்மாவட்டம் ஒன்றில் உள்ள அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரியில், அரசு ஊதியம் பெறும் பணியிடத்தில் வேதியியல் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து, தகுதிகாண் பருவத்தின் இறுதி மாதங்களில் இருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் கற்பித்தல், ஆய்வு, நிர்வாகப் பணி ஆகிய மூன்று கட்டங்களிலும் ‘நன்று’ என்று எழுதிய துறைத் தலைவர், ‘கொலீஜியாலிட்டி’ (சக ஆசிரியர்களோடு ஒத்துழைக்கும் பண்பு) என்ற நான்காவது கட்டத்தில் மட்டும் ‘திருப்திகரமாக இல்லை’ என்று எழுதியிருக்கிறார். அதன் கீழே மூன்று வரிகள் உள்ளன: துறைக் கூட்டங்களில் தொடர்ந்து மாற்றுக் கருத்தையே எழுப்புகிறார், சக ஆசிரியர்களுடன் கலந்து பழகுவதில்லை, ஆய்வக இருப்புப் பதிவேட்டைப் பொறுப்பேற்பதில் ஒத்துழைக்கவில்லை.

வாசகி தரும் விளக்கம் இது. வருகைப்பதிவு குறைந்த மாணவர்களுக்கு அகமதிப்பெண் கூட்டிப் போடுவதைக் கூட்டத்தில் எதிர்த்து, தம் கருத்தைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் பதியக் கேட்டிருக்கிறார். கைக்குழந்தை இருப்பதால் பகல் உணவுக்கு அருகிலுள்ள வீட்டுக்குப் போய்விடுகிறார். சக ஆசிரியர்களின் வீட்டு விசேஷங்களுக்கும் அதிகம் போவதில்லை. பதிவேட்டில் 48 பியூரெட்டுகள் (திரவத்தை அளந்து விடும் கண்ணாடிக் குழாய்கள்) என்று இருக்க, அலமாரியில் 41 மட்டுமே இருந்ததால், ஓய்வு பெற்றுச் சென்றவரிடமிருந்து பொறுப்பேற்றதாகக் கையெழுத்திட மறுத்து, பதிவேட்டை மேசையிலேயே வைத்துவிட்டார்.

அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் பொருள் உண்டா, அதை வைத்து வேலையை விட்டு அனுப்ப முடியுமா, மானநஷ்ட வழக்குத் தொடரலாமா, பேசாமல் ராஜினாமா செய்துவிடலாமா என்று கேட்கிறார். ‘புரொபேஷனில் இருப்பவருக்கு எந்த உரிமையும் கிடையாது’ என்று அலுவலகக் கண்காணிப்பாளர் சொன்னதாகவும், ‘இப்படி மதிப்பிடுவதே தவறு என்று அமெரிக்கப் பேராசிரியர் சங்கம் அறிவித்துவிட்டது’ என்று தோழி ஒருவர் சொன்னதாகவும், தகுதிகாண் பருவம் முடியும் தேதி கடந்துவிட்டால் தாம் தானாகவே நிரந்தரம் ஆகிவிடுவோம் என்று நம்புவதாகவும் எழுதியிருக்கிறார்.

என் பதில்

உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். மூன்று கட்டங்களில் பாராட்டுப் பெற்றும், நான்காவதில் எழுதப்பட்ட ஒரு சொல் உங்களைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது, அதில் வியப்பில்லை. கற்பித்தல் சரியில்லை என்றால் பாடத்திட்டத்தையும் தேர்ச்சிப் பட்டியலையும் காட்டிப் பதில் சொல்லிவிடலாம். ‘இவர் எங்களோடு ஒட்டவில்லை’ என்பதற்கு எதைக் காட்டுவது? அங்கேதான் உங்கள் தவிப்பு தொடங்குகிறது. ஆகவே அந்தச் சொல்லை எதிர்த்துப் போராடுவதில் உங்கள் வலிமையைச் செலவிடாதீர்கள் என்பதே என் முதல் ஆலோசனை. அந்தச் சொல்லின் அடியில் என்னென்ன செயல்கள் இருக்கின்றன என்று எழுத்தில் கேட்டு வாங்கி, ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனியே பதில் எழுதுங்கள்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, எதைக் கேட்கிறது

உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நியமனத்தைப் பற்றிய செய்திகளில் ‘கொலீஜியம்’ என்று படிக்கிறோமே, அதே வேரிலிருந்து வந்ததுதான் இந்தச் சொல்லும். சம நிலையில் உள்ளவர்கள் ஒரு பொறுப்பைக் கூட்டாகச் சுமப்பது என்பது அதன் அடிப்படைப் பொருள். ஒருவர் சொல்ல மற்றவர்கள் தலையாட்டுவது அதில் அடங்காது. அரசமைப்புச் சட்டத்தின் 145(5) ஆவது பிரிவைப் பாருங்கள். உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு பெரும்பான்மை நீதிபதிகளின் இசைவோடு வழங்கப்பட வேண்டும் என்று சொல்லும் அதே பிரிவு, உடன்படாத நீதிபதி தம் மாறுபட்ட தீர்ப்பைத் தனியே வழங்குவதை எதுவும் தடுக்காது என்றும் சொல்கிறது. கூட்டாகப் பணியாற்றுவதும் மாறுபடுவதும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு நம் நாட்டில் இதைவிட உயர்ந்த சான்று தேவையில்லை. துறைக் கூட்டத்தில் கருத்து மாறுபட்டு, அதைக் குறிப்பில் பதியக் கேட்ட நீங்கள் அந்தப் பொறுப்பில் பங்கெடுத்துக்கொண்டீர்கள். அதைத் தட்டிக் கழிக்கவில்லை.

தோழி சொன்ன செய்தியில் பாதி சரி. 1915இல் தொடங்கப்பட்ட அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம், 1999இல் ஓர் அறிக்கை வெளியிட்டு, 2016இல் அதைத் திருத்தியும் அமைத்தது. சக பேராசிரியர்களோடு ஒத்துழைப்பது முக்கியமானதே என்று ஏற்றுக்கொள்ளும் அந்த அறிக்கை, அதைக் கற்பித்தல், ஆய்வு, நிர்வாகப் பணி ஆகியவற்றுக்கு அப்பால் நான்காவது தனி அளவுகோலாக வைக்கக் கூடாது என்கிறது. உண்மையான ஒத்துழைப்புக் குறைவு இருந்தால் அது இந்த மூன்றில் ஒன்றில் தெரிந்தே தீரும். அப்படித் தெரியாதபோது அந்தத் தனிக்கட்டம், பெரும்பான்மையினரைப் போல் இல்லாதவரை விலக்கவும் கேள்வி கேட்பவரை அடக்கவும் பயன்பட்டுவிடும் என்பது அவர்களுடைய கவலை. இந்த வாதத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். நம் கல்லூரிகளில் சாதியாலோ ஊராலோ பாலினத்தாலோ தனித்து நிற்கும் ஓர் ஆசிரியரைப் பற்றி ‘கலந்து பழகுவதில்லை’ என்று எழுதுவது எவ்வளவு எளிது என்பதை இந்தத் தொழிலில் இருக்கும் எவரும் அறிவர்.

ஆனால் அது ஒரு சங்கத்தின் கொள்கை அறிக்கை மட்டுமே. அது நம் நாட்டில் யாரையும் கட்டுப்படுத்தாது. அமெரிக்காவிலேயே நீதிமன்றங்கள் பெரும்பாலும் கல்வி நிறுவனங்களின் பக்கமே நின்றிருக்கின்றன. பணி நிரந்தரம் மறுக்கப்பட்ட பேராசிரியர் ஒருவரின் வழக்கில் 1981இல் அங்குள்ள நான்காவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும், பால்டிமோர் பல்கலைக்கழக வழக்கில் 1998இல் மேரிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றமும், சக பேராசிரியர்களோடு ஒத்துழைக்கும் பண்பைக் கணக்கில் எடுத்துக்கொள்வது தவறல்ல என்றே தீர்ப்பளித்தன. பால்டிமோர் வழக்கில், அந்தப் பண்பு விதிகளில் தனியாகச் சொல்லப்படாவிட்டாலும் மற்ற அளவுகோல்களுக்குள் அது அடங்கியிருக்கிறது என்பது நீதிமன்றத்தின் கருத்து. ஆகவே ‘இந்தச் சொல் விதிகளில் இல்லை, அதனால் செல்லாது’ என்ற ஒற்றை வாதத்தை நம்பி நீங்கள் களம் இறங்க வேண்டாம். நம் நாட்டிலும் ‘பணியும் நடத்தையும்’ என்ற பரந்த சொற்றொடருக்குள் இதைக் கொண்டுவந்துவிடுவார்கள்.

மூன்று வரிகளும் ஒரே தன்மையன அல்ல

முதல் வரி உங்களுக்கு எதிராக எழுதப்பட்டிருந்தாலும் உண்மையில் உங்களுக்கே துணை நிற்கும். எந்தக் கூட்டத்தில், எந்தப் பொருள் குறித்து, என்ன சொன்னீர்கள் என்று கேட்டால், வருகைப்பதிவும் அகமதிப்பெண்ணும் வெளியே வந்துவிடும். விதிப்படி நடக்கச் சொன்னதை ஒத்துழையாமை என்று எழுதியவர் அதை விளக்க வேண்டிய நிலைக்கு வருவார். இருப்பினும் ஒன்றை நீங்களே நேர்மையாகச் சிந்தித்துப் பாருங்கள். தீர்மானம் உங்களுக்கு எதிராக முடிந்த பிறகு, அதற்குட்பட்டு உங்களுக்கு ஒதுக்கப்பட்ட வேலையைச் செய்தீர்களா, அல்லது விலகி நின்றீர்களா? விதிக்குப் புறம்பான மதிப்பெண்ணைப் போட மறுப்பது சரியே. தேர்வுப் பணி, கால அட்டவணை போன்ற மற்ற வேலைகளிலும் அந்த மனக்கசப்பு ஒட்டிக்கொண்டிருந்தால் அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். கடிதத்தில் இதைப் பற்றி ஒன்றும் இல்லாததால்தான் கேட்கிறேன்.

இரண்டாவது வரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பகல் உணவை யாரோடு உண்கிறீர்கள், யார் வீட்டு விசேஷத்துக்குப் போகிறீர்கள் என்பது பணி மதிப்பீட்டுக்குள் வரும் செய்தியே அல்ல. உணவு இடைவேளைக்குப் பிந்தைய வகுப்புகளுக்குத் தவறாமல் வந்திருக்கிறீர்கள் என்பதை மட்டும் வருகைப் பதிவேட்டைச் சுட்டி ஒரு வரியில் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். குழந்தையைப் பற்றியும் குடும்பச் சூழலைப் பற்றியும் நீண்ட விளக்கம் தர வேண்டியதில்லை. அப்படித் தந்தால், கேட்கத் தகாத கேள்விக்கு நீங்களே இடம் கொடுத்ததாகிவிடும்.

மூன்றாவது வரிதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. நீங்கள் எளிதாகக் கடந்து போயிருப்பதும் இதைத்தான். 7 பியூரெட்டுகள் குறையும்போது முழு இருப்பையும் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட மறுத்தது முற்றிலும் சரி. நாளை தணிக்கையில் அந்தக் குறைவு உங்கள் தலையில்தான் விழுந்திருக்கும். ஆனால் மறுத்ததற்கான காரணத்தை ஒரு தாளில் எழுதித் துறைத் தலைவரிடம் கொடுக்காமல், பதிவேட்டை மேசையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டீர்கள். பருவத்தேர்வின் செய்முறைத் தேர்வு நெருங்கும் நேரத்தில், அமிலம் எவ்வளவு இருக்கிறது, பிப்பெட் எத்தனை வாங்க வேண்டும் என்று தெரியாமல் ஆய்வக உதவியாளர் தவித்திருப்பார்; உங்கள் மௌனத்தின் காரணம் துறைத் தலைவருக்கும் தெரிந்திருக்காது. வேதியியல் ஆய்வகத்தில் ஒத்துழைப்பு என்பது மரியாதைப் பேச்சு அல்ல. யார் பொறுப்பில் எது இருக்கிறது என்று அடுத்தவருக்குத் தெரிந்திருப்பதுதான் அது. மாறுபடுவதைச் சொல்லிவிட்டுச் செய்தால் அது கூட்டுப்பொறுப்புக்குள் வரும். சொல்லாமல் ஒதுங்கினால், உங்கள் காரணம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், பதிவில் நிற்பது ஒதுங்கல் மட்டுமே. எதிர்த்தரப்பின் கையில் உள்ள ஒரே உறுதியான செய்தி இதுதான் என்பதால், முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

தகுதிகாண் பருவத்தில் உங்கள் உரிமையும் அதன் எல்லையும்

கண்காணிப்பாளர் சொன்னது சரியல்ல. ஆனால் நீங்கள் எண்ணுகிற அளவுக்கு அது தவறும் அல்ல. தகுதிகாண் பருவத்தில் இருப்பவரின் பணி திருப்திகரமாக இல்லையென்றால், விசாரணை ஏதுமின்றி அவரைப் பணியிலிருந்து விடுவிக்க நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு. 1957இன் பர்ஷோத்தம் லால் திங்ரா வழக்கிலிருந்தே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லி வருகிறது. ஆனால் ஆணையின் வெளித்தோற்றம் எப்படியிருந்தாலும், உண்மையில் அது ஒரு குற்றச்சாட்டுக்கான தண்டனையாக இருந்தால், விசாரணையின்றி அதை வழங்க முடியாது என்று 1974இல் ஏழு நீதிபதிகள் அமர்வு ஷம்ஷேர் சிங் வழக்கில் தெளிவாக்கியது.

எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பதை இரண்டு தீர்ப்புகள் நன்றாகக் காட்டும். தீப்தி பிரகாஷ் பானர்ஜி வழக்கில் (1999) பணிவிடுவிப்பு ஆணை சில பழைய கடிதங்களைச் சுட்டியிருந்தது. அந்தக் கடிதங்களில் களங்கம் கற்பிக்கும் செய்திகள் இருந்ததால் ஆணை ரத்தானது. களங்கம் ஆணையிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை, அது சுட்டும் ஆவணத்தில் இருந்தாலும் போதும் என்பது அதன் சாரம். மாறாக, பவனேந்திர நாராயண் வர்மா வழக்கில் (2001) ‘பணியும் நடத்தையும் திருப்திகரமாக இல்லை’ என்ற சொற்கள் களங்கம் ஆகாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. ‘சக ஆசிரியர்களோடு ஒத்துழைக்கவில்லை’ என்ற வெறும் வரியை நீதிமன்றம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான் சேர்க்கும் என்பது என் மதிப்பீடு. நிலைமை சாதகமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு நீங்கள் காத்திருந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை மறைக்காமல் சொல்கிறேன்.

தேதி கடந்தால் தானாக நிரந்தரம் என்ற நம்பிக்கையும் எல்லோருக்கும் பொருந்தாது. தகுதிகாண் பருவத்துக்கு உச்ச எல்லை ஒன்றை விதிகளே வரையறுத்து, அந்த எல்லைக்கு அப்பாலும் ஒருவரைப் பணியில் வைத்திருந்தால்தான் நிரந்தரமானதாகக் கொள்ளலாம் என்று 1968இன் தரம் சிங் வழக்கு சொல்கிறது. எல்லை வரையறுக்கப்படாத இடத்தில், ஆணை வரும்வரை அவர் தகுதிகாண் பருவத்திலேயே தொடர்கிறார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் ஓராண்டுத் தகுதிகாண் பருவத்தையும், அதிகபட்சமாக மேலும் ஓராண்டு நீட்டிப்பையும் மட்டுமே அனுமதிக்கின்றன. நீட்டிப்பதானால் முதலாண்டு முடியும் முன்பே தனி ஆணை வேண்டும் என்றும், பருவம் நிறைவடைந்த 45 நாட்களுக்குள் பணி உறுதி ஆணை வழங்க வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. உங்கள் நியமன ஆணையில் எந்த விதி சுட்டப்பட்டிருக்கிறது, எத்தனை ஆண்டு குறிக்கப்பட்டிருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். அதைப் பார்க்காமல் இது குறித்து நான் உறுதி கூறுவது முறையல்ல.

மதிப்பீட்டுக் குறிப்பை ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டுமா என்பதையும் பார்த்துவிடுவோம். எல்லைச் சாலைகள் பணியில் இருந்த ஒரு பொறியாளருக்குப் பதவி உயர்வு தவறிப்போனதற்குக் காரணம், ‘மிக நன்று’ தேவைப்பட்ட இடத்தில் அவருக்குத் தெரிவிக்கப்படாமல் இருந்த ‘நன்று’ என்ற ஒரு பதிவு. அந்தத் தேவ் தத் வழக்கில் (2008), நல்லதோ கெட்டதோ ஒவ்வொரு பதிவும் ஊழியருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2013இல் சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. இவை அரசு மற்றும் அரசு சார்ந்த நிறுவன ஊழியர்களைப் பற்றியவை. உதவி பெறும் தனியார் கல்லூரிக்கு நேரடியாகப் பொருந்தும் என்று வாதிட இடமுண்டு. முடிந்த முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தெரிவித்தாலே பதிவு அழிந்துவிடும் என்பதும் இல்லை. அதை எதிர்த்து முறையிட உங்களுக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. அந்த வாய்ப்பைத்தான் இப்போது நீங்கள் பயன்படுத்த வேண்டும். படிவத்தின் சான்றிட்ட நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேளுங்கள். அரசு நிதியால் பெருமளவு இயங்கும் கல்லூரிகள் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று 2019இல் டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. உங்கள் படிவத்தை மட்டும் கேளுங்கள். மற்றவர்களுடையதைக் கேட்டால் விண்ணப்பம் தேவையற்ற சிக்கலில் மாட்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

இரண்டு கடிதங்கள் எழுத வேண்டும். இரண்டும் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம்.

முதல் கடிதம் பதிவேடு பற்றியது. பதிவேட்டின் இருப்புக்கும் அலமாரியில் உள்ளதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிக்கையோடு குறிப்பிட்டு, துறைத் தலைவர் நியமிக்கும் ஒருவரும் ஆய்வக உதவியாளரும் உடனிருக்க இருப்பைக் கூட்டாகச் சரிபார்க்கக் கோருங்கள். அதில் கண்டறியப்படும் இருப்பை, குறைவைத் தனியே பதிந்தபின், அன்றே பொறுப்பேற்கத் தயார் என்றும் எழுதுங்கள். ஓய்வு பெற்றவரைக் குறை கூறும் ஒரு சொல்லும் அதில் வேண்டாம். கண்ணாடிப் பொருள் உடைவது ஆய்வகத்தில் அன்றாடம் நடப்பது, பதிவு விட்டுப்போயிருக்கலாம்.

இரண்டாவது கடிதம் முதல்வர் வழியாகக் கல்லூரிச் செயலருக்கு. குறிப்பிட்ட பதிவுக்கு அடிப்படையான நிகழ்வுகளைத் தேதியோடு தெரிவிக்கக் கோருங்கள். மூன்று வரிகளுக்கும் நான் மேலே சொன்ன முறையில் சுருக்கமாகப் பதில் தாருங்கள். முதல் கடிதத்தின் நகலை இணையுங்கள். பதிவை மறுபரிசீலனை செய்யக் கேளுங்கள். ‘பழிவாங்கல்’, ‘சதி’ போன்ற சொற்களைத் தவிருங்கள். ஒத்துழைக்கவில்லை என்று சொல்லப்பட்ட ஒருவர் எழுதும் கடிதத்தை, பிற்காலத்தில் நீதிபதி படிக்கும்போது, அதன் நடையையும் சேர்த்தே படிப்பார். இரண்டு கடிதங்களுக்கும் அலுவலகத்தில் நாளிட்ட ஒப்பம் பெற்ற நகல் உங்களிடம் இருக்க வேண்டும். ஒப்பமிட மறுத்தால் ஒப்புகை பெறும் வகையில் தபாலில் அனுப்புங்கள். ஆசிரியர்களின் வாட்ஸாப் குழுவில் இதைப் பற்றி இனி ஒரு வரியும் எழுத வேண்டாம். ஏற்கெனவே எழுதியதை அழிக்கவும் வேண்டாம்.

மானநஷ்ட வழக்கு இதற்கான வழியல்ல. சட்டப்படி மேற்பார்வை அதிகாரம் உள்ளவர், நல்லெண்ணத்தில், தம் கீழ்ப் பணிபுரிபவரைப் பற்றிச் செய்யும் கண்டிப்பைக் குற்றவியல் சட்டமே விதிவிலக்காக வைத்திருக்கிறது. துறைத் தலைவரிடம் நல்லெண்ணம் இருந்ததா இல்லையா என்ற வழக்காடல் உங்களைப் பல ஆண்டுகள் அலைக்கழிக்கும். அதற்குள் தகுதிகாண் பருவம் பற்றிய முடிவும் எடுக்கப்பட்டிருக்கும்.

ராஜினாமாவைப் பற்றி நீங்கள் எழுதிய வரியில் களைப்பு தெரிகிறது. அந்தக் களைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அரசு ஊதியப் பணியிடம் ஒன்றை விட்டுவிட்டால் மறுபடி கிடைப்பது எவ்வளவு அரிது என்பது உங்களுக்கே தெரியும்; ஏற்கப்பட்டு நடைமுறைக்கு வந்த ராஜினாமாவைப் பொதுவாகத் திரும்பப் பெறவும் முடியாது. யாராவது ‘கௌரவமாக எழுதிக் கொடுத்துவிடுங்கள்’ என்று சொன்னால், யோசித்துச் சொல்வதாக மட்டும் கூறிவிட்டு வீட்டுக்குப் போங்கள். தகுதிகாண் பருவத்தை நீட்டிக்கும் ஆணை வந்தால், மேற்சொன்ன விதிகளின்படி அது உரிய காலத்தில் வந்ததா என்று பார்த்து, ஆட்சேபம் இருந்தால் அதைப் பதிவு செய்துகொண்டு பணியைத் தொடருங்கள், அது தோல்வியல்ல.

பணிவிடுவிப்பு ஆணையே வந்துவிட்டால் பொறுத்திருக்க வேண்டாம். தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் (ஒழுங்குபடுத்தல்) சட்டம், 1976, பணிநீக்கம் போன்ற தண்டனைகளுக்கு உரிய அதிகாரியின் முன் ஒப்புதலைக் கோருகிறது. மேல்முறையீட்டுக்கும் வழி வைத்திருக்கிறது. உங்கள் விஷயத்தில் வரும் ஆணை தண்டனையா, வெறும் விடுவிப்பா என்பதுதான் அங்கே எழும் முதல் கேள்வி. கல்லூரி சிறுபான்மை நிறுவனமாக இருந்தால் நிலை மாறும். அதை உங்கள் கடிதத்தில் குறிப்பிடவில்லை. உதவி பெறாத தனியார் பள்ளி ஒன்றின் ஊழியர் தொடர்ந்த வழக்கில், பணி ஒப்பந்தத் தகராறுக்கு ரிட் மனு நிற்காது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியதைக் காட்டி உங்களைப் பயமுறுத்தலாம். சட்டத்தாலும் விதிகளாலும் ஆளப்படும் பணி நிலைமைகளுக்கு அது தடையல்ல என்பதும் அதே தீர்ப்பிலிருந்து கிடைப்பதே. நியமன ஆணை, மதிப்பீட்டுப் படிவத்தின் நகல், ஒப்பம் பெற்ற இரண்டு கடிதங்கள், புதிய ஆணை ஆகியவற்றோடு, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பணித்துறை வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் ஒருவரை ஆணை கிடைத்த அதே வாரத்தில் சென்று பாருங்கள்.